கதவு திறக்கிறது, கார் மட்டும் கிளம்பவில்லை!



கிள்ளானில் ஒரு தாமான். விடியற்காலை மணி ஆறு. முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தம் தாயாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து காரில் அமர வைக்கிறார். அந்த அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து விட்டன. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொண்டாக வேண்டும். ஏழு மணிக்கு அவருடைய முறை. தவறவிட்டால், அன்றே இன்னொரு இடம் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

மகன் ரிமோட்டை அழுத்துகிறார். 'டக்' என்று கதவு திறக்கிறது. முன்விளக்குகள் இரண்டு முறை கண் சிமிட்டுகின்றன. சாவியைத் துளையில் இட்டுத் திருகுகிறார். ஸ்டார்ட்டர் நன்றாகவே சுழல்கிறது. ஆனால், எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருகுகிறார். ஒரு விநாடி உறுமிவிட்டு அப்படியே அடங்கிப் போகிறது. ஐந்து முறை, ஆறு முறை, பத்து முறை. பலனில்லை.

வழக்கமாகக் காரைக் கொண்டு போகும் பட்டறைக்காரரைக் கைப்பேசியில் எழுப்புகிறார்.

"அண்ணே, காடி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. அம்மாவ டயாலிசிஸ் கொண்டு போவணும்."

"மொதல்ல அம்மாவ வேற காடியில ஏத்தி அனுப்பு தம்பி. காடிய அப்புறம் பாப்போம்."

எந்தக் கருவியும் இல்லாமல், தூக்கக் கலக்கத்தில் சொன்ன அந்த ஒரு யோசனைக்கே அவருக்குக் கூலி கொடுத்திருக்கலாம். சூராவில் தொழுகை முடித்துத் திரும்பிய பக்கத்து வீட்டுப் பாக் சிக், விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சின்றி அந்த அம்மாவைத் தம்முடைய காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் தொலைபேசி வழி வைத்தியம் தொடங்கியது.

"சாவிய ஆன் பண்ணிட்டு மீட்டரப் பாரு. குட்டியா ஒரு சாவி படம் போட்ட விளக்கு இருக்கும். எரியுதா, மின்னுதா?"

"மின்னிக்கிட்டே இருக்குண்ணே."

"அப்ப பேட்டரி இல்ல, எண்ணெய் பம்ப்பும் இல்ல. காடி உன்னைய யாருன்னு கேக்குது. இன்னொரு சாவி இருக்கா?"

"செகண்ட் ஹேண்டா வாங்கினதுண்ணே. ஒரே சாவிதான்."

"நேத்து சாவியில ஏதாச்சும் கை வெச்சியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கூடு ஒடஞ்சிருச்சு. பசார் மாலத்துல புதுக் கூடு வாங்கி மாத்தினேன்."

"பழைய கூடு எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

"குப்ப லாரி வந்துருச்சா?"

அந்தக் கேள்வி ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கையில் இருக்கும் கார் சாவிக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு சாவி, தனித்தனி வேலைகள்

ரிமோட் பொருத்திய சாவியைப் பலரும் ஒரே பொருளாக நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்று பொருள். முதலாவது, வெட்டிய உலோகத் தண்டு. அது கதவையும் ஸ்டியரிங் பூட்டையும் திறக்கும். இரண்டாவது, பொத்தானை அழுத்தினால் வானொலி அலையை அனுப்பும் மின் அட்டை. இது கார்களுக்கு ஏற்ப 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசும். இதற்கு மட்டும்தான் உள்ளே காசு வடிவ பேட்டரி தேவைப்படுகிறது. மூன்றாவது, டிரான்ஸ்பான்டர் எனப்படும் சில்லு. பல சாவிகளில் இது ஓர் அரிசியை விடச் சற்றே பெரிய கருப்புத் துண்டு. இதற்குப் பேட்டரியே கிடையாது.

பேட்டரி இல்லாமல் அது எப்படி வேலை செய்கிறது? சாவித் துளையைச் சுற்றி, பிளாஸ்டிக் வளையத்துக்குள் மெல்லிய செப்புக் கம்பிச் சுருள் ஒன்று மறைந்திருக்கிறது. சாவியைத் திருகியதும் அந்தச் சுருள் 125 அல்லது 134 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்திலிருந்தே சில்லு தனக்கு வேண்டிய மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டு, தன் அடையாள எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. காரின் கணினி அதைத் தன் நினைவில் பதிந்துள்ள எண்ணோடு ஒப்பிடும். பொருந்தினால் பெட்ரோலும் தீப்பொறியும் தொடரும். பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும். சில கார்களில் ஸ்டார்ட்டரையே சுழல விடாது. இவ்வளவும் ஒரு விநாடிக்குள் நடந்து முடிகிறது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர்.

ஆக, கதவைத் திறப்பது ஓர் அலை, எஞ்சினை அனுமதிப்பது வேறோர் அலை. ரிமோட் கதவைத் திறந்துவிட்டது என்பதால் சாவியில் பழுதில்லை என்று சொல்ல முடியாது. அதேபோல, ரிமோட் செத்துவிட்டது என்பதால் கார் கிளம்பாது என்றும் அஞ்ச வேண்டியதில்லை. துளையில் இட்டுத் திருகும் வகைச் சாவியில் பேட்டரி முற்றாகத் தீர்ந்து போனாலும், தண்டைக் கொண்டு கதவைத் திறந்து எஞ்சினை இயக்கலாம். இந்த ஒரு சங்கதி தெரியாமல் இழுவை லாரியைக் கூப்பிட்டுக் காசைக் கரைத்தவர்கள் இருக்கிறார்கள். சாவியால் கதவைத் திறக்கும்போது அலாரம் அலறினாலும் பயப்பட வேண்டாம். பெரும்பாலான கார்களில், பதிவு செய்யப்பட்ட சாவியைத் துளையில் இட்டு ஆன் செய்ததும் அது அடங்கிவிடும்.

கிள்ளான்காரர் செய்தது என்ன? பழைய கூட்டிலிருந்து மின் அட்டையையும் தண்டையும் பத்திரமாக எடுத்துப் புதியதில் பொருத்தினார். அந்தக் கருப்புத் துண்டு, கூட்டின் ஒரு மூலையில் சிறு குழிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி போலவே இருக்கும். அது பழைய கூட்டோடு குப்பைக்குப் போய்விட்டது.

திருடனுக்காக வந்த பூட்டு

இப்படி ஒரு தொல்லை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1986-இல் தன் கோர்வெட் காரில் இதன் முன்னோடியை அறிமுகப்படுத்தியது. அந்தச் சாவித் தண்டில் ஒரு சிறு மின்தடை பதிக்கப்பட்டிருந்தது. மொத்தம் 15 அளவுகளில் மட்டுமே அது வந்தது. 15 சாவிகளைக் கையில் வைத்திருக்கும் பொறுமைசாலித் திருடனுக்கு அது பெரிய தடையாக இருந்திருக்காது. பிறகுதான் டிரான்ஸ்பான்டர் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் எல்லாப் புதிய பயணிகள் கார்களிலும் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. ஆஸ்திரேலியா 2001-இலும் கனடா 2007-இலும் அதே வழியில் சென்றன.

பலன் இருந்ததா? நெதர்லாந்தைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் யான் வான் ஊர்ஸ், பென் வொல்லார்ட் இருவரும் 1995 முதல் 2008 வரையிலான கார் திருட்டுக் கணக்குகளை ஆராய்ந்து, இந்தக் கருவியால் கார் திருட்டு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாகக் கண்டார்கள். கருவி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கே இம்மொபிலைசர் கட்டாயமில்லை. 2015-ஆம் ஆண்டு மாடல்களை எடுத்துக்கொண்டால், மற்ற நிறுவனங்களின் கார்களில் 96 விழுக்காட்டில் அது இருந்தது. ஹியுண்டாய், கியா கார்களிலோ 26 விழுக்காட்டில் மட்டுமே இருந்தது. சமூக வலைத்தளங்களில் பரவிய காணொளிகளைப் பார்த்துவிட்டு, யுஎஸ்பி கம்பியின் முனையைக் கொண்டே பதின்ம வயதுப் பிள்ளைகள் அந்தக் கார்களைக் கடத்திச் சென்றார்கள். விபத்துகளும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2023 பிப்ரவரியில் அந்நிறுவனங்கள் மென்பொருள் திருத்தம் வழங்கத் தொடங்கின.

இந்தப் பூட்டை உடைக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. 2005-இலேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒருவகைச் சில்லின் இரகசியக் குறியீட்டை உடைத்துக் காட்டினார்கள். இன்னொரு வகைச் சில்லின் பலவீனத்தைக் கண்டறிந்த ஆய்வுக் கட்டுரை வெளிவராமல் இருக்க, 2013-இல் வோல்க்ஸ்வேகன் நிறுவனம் இங்கிலாந்து நீதிமன்றத்தில் தடை வாங்கியது. இரண்டு ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு, ஒரே ஒரு வாக்கியம் நீக்கப்பட்டு 2015-இல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. அந்த வாக்கியத்தில் அப்படி என்னதான் இருந்ததோ! எப்படியானாலும், அடுத்த தெருவில் கார் திருடும் சாதாரணத் திருடனைத் தடுக்க இந்தச் சில்லு இன்றும் போதுமானது. அவனைத் தடுக்கும் அதே சில்லு, சில வேளைகளில் உரிமையாளரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

முதலில் எங்கே பார்ப்பது?

கார் கிளம்பவில்லை என்றதும் பெரும்பாலோர் செய்வது, சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவதுதான். அதனால் நல்ல பேட்டரியும் தளர்ந்துவிடும். பிறகு ஒரு பழுது இரண்டாகும். சில கார்களில், தவறான சாவியால் பலமுறை முயன்றால் கணினி சிறிது நேரத்துக்குக் கதவடைத்துக்கொள்வதும் உண்டு. திருகுவதை நிறுத்திவிட்டுக் கண்ணையும் காதையும் பயன்படுத்துவது நல்லது.

காதில் 'டிக் டிக் டிக்' என்று மட்டும் கேட்டு, மீட்டர் விளக்குகளும் மங்கினால், அது காரின் பெரிய பேட்டரியின் பிரச்சினை. இம்மொபிலைசரின் மீது பழி போட வேண்டாம். மலேசியா, சிங்கப்பூர் வெயிலில் கார் பேட்டரிகள் குளிர் நாடுகளில் உழைக்கும் அளவுக்கு உழைப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தளர்ந்து விடுகின்றன. முழுமையாக மின்னேற்றிய பேட்டரி எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தால் அது காலி என்றே கொள்ளலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரி தளர்ந்திருந்தால், ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் மின்னழுத்தம் மிகவும் இறங்கி, கணினியால் சாவியின் சில்லைச் சரியாகப் படிக்க முடியாமல் போகலாம். அப்போது இம்மொபிலைசர் விளக்கும் மின்னும். உண்மைக் குற்றவாளி பேட்டரிதான். ஆகவே, எந்த ஆராய்ச்சிக்கும் முன்னர் பேட்டரியைச் சோதித்துவிடுவதே சிக்கனம். அதன் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும் பொடியும் இந்தக் குழப்பத்தை உண்டாக்கப் போதும்.

சாவி திரும்பவே மறுத்து, ஸ்டியரிங்கும் அசையாமல் நின்றால் அது வெறும் ஸ்டியரிங் பூட்டு. சக்கரத்தை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டிக்கொண்டே திருகினால் விட்டுக்கொடுக்கும். முரட்டுத்தனமாகத் திருகித் தண்டை உள்ளேயே முறித்துவிட்டால், அடுத்து பூட்டுக்காரரைத்தான் அழைக்க வேண்டும். தானியங்கி கியர் கார்களில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இதனால் அவதிப்பட்டவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழல்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை, அல்லது ஒரு விநாடி பிடித்து அடங்குகிறது என்றால் மீட்டரில் உள்ள பாதுகாப்பு விளக்கைக் கவனிக்க வேண்டும். சாவி படமோ, பூட்டுப் போட்ட கார் படமோ அதில் இருக்கும். காரைப் பூட்டி நிறுத்தியிருக்கும்போது அது மெதுவாக மின்னுவது இயல்பு. சாவியை ஆன் நிலைக்குத் திருகியதும் பெரும்பாலான கார்களில் அது அணைந்துவிட வேண்டும், அல்லது இரண்டு மூன்று விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலோ, வேகமாக மின்னினாலோ, கார் சாவியை அடையாளம் காணவில்லை என்று பொருள். விளக்கு ஒழுங்காக அணைந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், எண்ணெய் பம்ப், தீப்பொறி என்று வேறு திசையில் தேட வேண்டும். விளக்கின் நடத்தை காருக்குக் கார் மாறும் என்பதால், கார் நன்றாக இருக்கும் நாளில் ஒரு முறை அதைக் கவனித்து வைத்துக்கொள்வது உதவும்.

விளக்கு மின்னுகிறது என்றால் அடுத்த சோதனை இலவசம். சாவிக்கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றி எடுத்து முயல வேண்டும். பல வீடுகளில் கணவரின் கார் சாவியும் மனைவியின் கார் சாவியும் ஒரே வளையத்தில் தொங்குகின்றன. இரண்டு சில்லுகள் ஒரே சுருளுக்கு அருகில் வந்தால், இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, கணினிக்கு எதுவும் விளங்காமல் போகும். தடித்த உலோக வளையமோ பதக்கமோ சாவித் தலைமேல் படிந்திருந்தாலும் இதே கதைதான். கழற்றியும் பயனில்லையென்றால் இரண்டாவது சாவியைக் கொண்டு முயலலாம். இரண்டாவது சாவியில் கார் கிளம்பினால், பழுது முதல் சாவியில். கீழே விழுந்ததில் சில்லு உடைந்திருக்கலாம், அல்லது கிள்ளான்காரரைப் போல யாராவது கூட்டை மாற்றியிருக்கலாம். இரண்டு சாவியிலும் கிளம்பவில்லையென்றால், சாவித் துளையைச் சுற்றியுள்ள சுருளிலோ அதன் கம்பியிணைப்பிலோ கணினியிலோ பழுது இருக்கலாம். அது பட்டறையில் கருவி வைத்துப் பார்க்க வேண்டியது.

பழைய கார் வைத்திருப்போருக்கு இன்னொரு சந்தேகப் பேர்வழியும் உண்டு. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய எத்தனையோ கார்களுக்கு அலாரத்தைப் பொருத்தியவை, துணைப்பொருள் விற்கும் கடைகள். ஸ்டார்ட்டருக்கோ எண்ணெய் பம்புக்கோ போகும் கம்பியை வெட்டி, நடுவே ஒரு ரிலேயைச் செருகி, கருப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். இருபது ஆண்டு வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி, இணைப்பு தளர்ந்து, ஒரு நாள் மழையில் கார் நடுவழியில் நிற்கும். இதற்குக் காரின் மூலக் கணினியை மாற்றுவது, கால் வலிக்குக் கண்ணாடி மாற்றுவதைப் போன்றது.

இணையத்தில் கிடைக்கும் யோசனைகளிலும் எச்சரிக்கை தேவை. சாவியை ஆன் நிலையில் பத்து நிமிடம் விட்டு வைத்தால் கார் தானாகக் கற்றுக்கொள்ளும் என்று ஒரு யோசனை ஊர் முழுக்கச் சுற்றுகிறது. அது ஜெனரல் மோட்டார்ஸின் குறிப்பிட்ட சில பழைய கார்களுக்கான முறை. மற்ற கார்களில் அப்படிச் செய்தால் பேட்டரி தீர்வதுதான் மிச்சம்.

பொத்தானை அழுத்தும் கார்கள்

இப்போது சாவியைத் துளையில் இடும் பழக்கமே மறைந்து வருகிறது. 2017-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவியிலேயே பொத்தானை அழுத்தி எஞ்சினை இயக்கும் வசதி வந்துவிட்டது. இந்த வகையில் மேலே சொன்ன கணக்கு சற்று மாறுகிறது. கார் ஒரு மெல்லிய அலையால் 'சாவி பக்கத்தில் இருக்கிறதா?' என்று கேட்கும். சட்டைப் பையில் உள்ள சாவி தன் சொந்தப் பேட்டரியைச் செலவழித்துப் பதில் சொல்லும். ஆகவே இங்கே சாவியின் பேட்டரி தளர்ந்தால் கதவும் திறக்காது, பொத்தானும் பதில் சொல்லாது.

இதற்கும் மாற்று வழி வைத்திருக்கிறார்கள். அந்தச் சாவியின் பக்கவாட்டில் ஒரு சிறு விசையைத் தள்ளினால், உள்ளேயிருந்து உலோகச் சாவி ஒன்று வெளியே வரும். அதைக் கொண்டு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கலாம். சில கார்களில் சாவித் துளை கைப்பிடியின் மூடிக்குள் ஒளிந்திருக்கும். உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்தபடி, சாவியை ஸ்டார்ட் பொத்தானின் மேல் ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். டொயோட்டா கார்களில், சின்னம் பொறித்த பக்கம் பொத்தானைத் தொட வேண்டும். 'பீப்' ஒலி வந்ததும் சில விநாடிகளுக்குள் பொத்தானை அழுத்தினால் எஞ்சின் கிளம்பும். சாவிக்குள்ளும் ஒரு பேட்டரியில்லாச் சில்லு இருப்பதே காரணம். வேறு சில கார்களில் பொத்தானுக்குப் பதிலாக ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலோ, நடு இருக்கைப் பெட்டியிலோ சாவியை வைக்க ஓர் இடம் இருக்கும். எந்த இடம் என்பது காரோடு வந்த கையேட்டில் படம் போட்டே விளக்கப்பட்டிருக்கும். அந்தக் கையேடு பல வீடுகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

பொத்தானை அழுத்தினால் மீட்டர் விளக்குகள் எல்லாம் எரிகின்றன, எஞ்சின் மட்டும் கிளம்பவில்லை என்றால், சாவியைச் சந்தேகிக்கும் முன் பின்னால் போய் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் மிதியின் மேலே உள்ள சிறு சுவிட்ச் பழுதானாலோ, அதன் பியூஸ் போனாலோ, பிரேக்கை மிதித்ததே காருக்குத் தெரியாது. மிதிக்காமல் பொத்தானை அழுத்தியதாகவே அது நினைத்துக்கொள்ளும். சில வெள்ளி மதிப்புள்ள அந்தச் சுவிட்சுக்காக முழு இம்மொபிலைசர் அமைப்பையும் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

சாவியின் பேட்டரியை யாரும் வீட்டிலேயே மாற்றலாம். பல சாவிகளில் இருப்பது சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி. சரியான எண் பழைய பேட்டரியின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். நேர் முனை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். இவ்வகைச் சாவியில் பேட்டரி ஓரிரு ஆண்டு உழைக்கும். தொலைக்காட்சிப் பெட்டி, கணினி, கைப்பேசி மின்னேற்றி ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே சாவியை வைத்திருந்தால் சீக்கிரம் தீரும். கழற்றிய பழைய பேட்டரியை மேசைமேல் விட்டுவிடாதீர்கள். சிறு பிள்ளை அதை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடியது அது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. சாவியும் பிள்ளையும் காருக்குள் மாட்டிக்கொண்டால், பூட்டுக்காரர் வரும்வரை காத்திருப்பது ஆபத்து. நம் ஊர் வெயிலில் மூடிய காரின் உள்ளே சில நிமிடங்களிலேயே வெப்பம் ஏறிவிடும். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை அழையுங்கள். பிள்ளை சோர்ந்து போவதைக் கண்டால், பிள்ளை அமர்ந்திருக்கும் இடத்திற்குத் தூரமான பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துவிடுங்கள். கண்ணாடியின் விலையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

காரை இழுத்துச் செல்லும் முன், வாகனக் காப்புறுதியில் இழுவைச் சேவை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. பட்டறையில், "கணினி போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று எடுத்த எடுப்பில் சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. சோதனைக் கருவியைச் செருகினால், எத்தனை சாவிகள் பதிவாகியுள்ளன, இப்போது செருகிய சாவியைக் கார் படிக்கிறதா என்பன போன்ற விவரங்களைப் பல கார்களில் திரையிலேயே பார்த்துவிடலாம். சாவி சோதிக்கப்படாமல் கணினி மாற்றப்பட்டால், ஆயிரக்கணக்கில் வெள்ளியைக் கொடுத்த பிறகும் அதே விளக்கு மின்னிக்கொண்டிருக்கும் வாய்ப்பு உண்டு. நேர்மையான பட்டறைக்காரர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்வதில்லை.

பழைய கார் வாங்குவோர் பலரின் கைக்கு ஒரே சாவிதான் வந்து சேர்கிறது. விலை பேசும்போது வட்டுக்கும் ரேடியோவுக்கும் பேரம் பேசுகிறவர்கள், இரண்டாவது சாவியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். வேலை செய்யும் சாவி ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பதிவு செய்வது எளிது. இருந்த ஒன்றும் தொலைந்த பிறகு வேலையும் கூடும், கட்டணமும் கூடும். சில கார்களில் கணினியைக் கழற்றியே பதிவை அழிக்க வேண்டியிருக்கும். முன்னாள் உரிமையாளரிடம் இன்னொரு சாவி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், புதிய சாவியைப் பதிவு செய்யும்போதே பழைய பதிவை அழிக்கச் சொல்லலாம். புதுக் கார் வாங்கியவர்களுக்குச் சாவியோடு எண் பொறித்த சிறு உலோகத் தகடு ஒன்றும் கிடைத்திருக்கும். அதைச் சாவி வளையத்திலேயே மாட்டி வைத்தால், சாவி தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலைந்து போகும்.

சரி, கிள்ளானுக்குத் திரும்புவோம்.

"குப்ப லாரி வந்துருச்சா?" என்று பட்டறைக்காரர் கேட்ட நேரத்தில், லாரி பின் தெருவில் உறுமிக்கொண்டிருந்தது. மகன் கைப்பேசியைக் காரின் கூரையில் வைத்துவிட்டு வெளிவாசலுக்கு ஓடினார். முதல் நாள் இரவு மீன் கழுவிய கழிவும் வாழையிலையும் பழைய நாளிதழும் அடைத்த கருப்புப் பையை ஐந்தடியிலேயே பிரித்துக் கொட்டினார். எதிர் வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். லாரி தெரு முனையில் திரும்பியபோது, உடைந்த கூட்டின் பாதி நாளிதழ் மடிப்புக்குள் கிடைத்தது. சில்லு இல்லாத பாதி. இன்னொரு பாதி, வாழையிலையின் அடியில் இருந்தது. அதன் மூலையில் கருப்புத் துண்டு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கெடச்சிருச்சுண்ணே!"

"அத அப்படியே சாவித் துளை பக்கத்துல ஒட்டிப் பிடி. பிடிச்சிக்கிட்டே புதுச் சாவியத் திருகு."

இடக்கையில் உடைந்த கூடு, வலக்கையில் புதுச் சாவி. விளக்கு இரண்டு விநாடி எரிந்து அணைந்தது. எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. குப்பை லாரித் தொழிலாளி ஒருவர், சிதறிக் கிடந்ததையும் காரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கூட்டி அள்ளிக்கொண்டு போனார்.

அன்று பகல் பதினொன்றரை மணிக்கு மகன்தான் போய்த் தாயாரை அழைத்து வந்தார். வழியில் பட்டறையில் நிறுத்தி, சில்லைப் புதுக் கூட்டின் குழியில் பொருத்திக்கொண்டார்கள். இரண்டாவது சாவிக்கும் அப்போதே சொல்லி வைத்தாயிற்று. காரில் சாய்ந்திருந்த அம்மா, அந்தக் கருப்புத் துண்டை உள்ளங்கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இத்துனூண்டுக்காகவா காடி போவ மாட்டேனுச்சு?"

"ஆமாம்மா."

"சரி, வீட்டுக்குப் போனதும் மொதல்ல சோப்புப் போட்டுக் கைய கழுவு. மீன் நாத்தம் இங்க வரைக்கும் அடிக்குது."